நாகையா அண்ணன் எடுத்த இரண்டு படங்கள்

எழுபத்தெட்டாம் வருடத் தைப்பூசத்தில் நான் பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தேன். லோரி ஏறி முறிந்துபோன வீட்டுக்காரரின் கால் கூடிவர வேண்டும் என்ற நேர்த்தி. பாதிப் படிக்கு மேல் ஏறியிருப்பேன். பின்னால் வந்த காவடி ஒன்று சுழன்று ஆட, கூட்டம் என் மேல் சாய்ந்தது. குடத்தின் வாயில் கட்டியிருந்த மஞ்சள் துணி அவிழ்ந்து பால் முழுக்கப் படியில் ஓடியது. கூட வந்தவர்கள் முன்னே போய்விட்டார்கள். வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி அழுதேன்.

கழுத்தில் கேமரா தொங்க ஒருவர் படியோரத்தில் நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். "இங்கயே நில்லுங்க தங்கச்சி, நகராதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். தைப்பூசத்தன்று அந்தப் படிகளில் எதிர்த்திசையில் இறங்குவது என்ன பாடு என்று ஏறியவர்களுக்குத்தான் தெரியும். முக்கால் மணி நேரம் ஆயிருக்கும். சட்டை முதுகோடு ஒட்ட, கையில் ஒரு தூக்குச்சட்டிப் பாலோடு திரும்பி வந்தார்.

"கடையில வாங்குன பாலு, சாமி ஏத்துக்குமாண்ணே?"

"அடிவாரத்துலேர்ந்து நடந்துதானே வந்திருக்கு? உங்க காலா எங் காலான்னு அவரு பார்க்கப் போறாரா? ஊத்துங்க, ஏறுங்க."

பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் 'வைகறை' பத்திரிகையில் தைப்பூசச் செய்தி அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. பால் சிந்தினவளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

அந்த வருடமே எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அவர் வந்தபோதுதான் அவர் யார் என்று தெரிந்தது. பெயர் நாகையா. கிள்ளான் ரயில்வே சரக்குக் கொட்டகையில் வேலை. வேலை முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வைகறைக்குப் பகுதி நேர நிருபர். காப்பார் சாலையிலிருந்து உள்ளே பிரியும் செம்மண் பாதைகளில் எந்தத் தோட்டத்தில் யாருக்குக் கல்யாணம், எந்தக் கோயிலில் கொடியேற்றம், யார் வீட்டில் சாவு என்று அவருடைய மோட்டார் சைக்கிளுக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது.

செய்தி எடுப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. சொல்கிறவரின் பெயரை அப்பா பெயரோடு முழுதாக எழுதிக்கொள்வார். எழுதி முடித்ததும் திரும்ப உரக்கப் படித்துக் காட்டி, "நீங்க சொன்னதுதானே? நான் கூட்டிச் சேர்க்கலியே?" என்று கேட்பார். தலையாட்டினால்தான் நோட்டை மூடுவார். பெயர் இல்லாத புகார் காற்றில் போகிற வார்த்தை, அதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவார்கள் என்பது அவர் நம்பிக்கை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளின் தண்ணீர்க் குழாய் உடைந்து மூன்று வாரம் கிடந்தது. ஆபீஸில் கேட்டால் "தொர கோலாலம்பூர் போயிருக்காரு" என்பார்கள். நாகையா அண்ணன் வைகறையில் ஆறு வரி எழுதினார். ஐந்தாம் நாள் லோரியில் புதுக் குழாய் வந்து இறங்கியது. அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்கு வைகறை என்றால் ஒரு தனி மரியாதை. சாமி மாடத்துக்குக் கீழே அந்தப் பேப்பரைத் தவிர வேறெதையும் விரிக்கமாட்டார்கள்.

எண்பத்து மூன்றில் வைகறையின் பழைய முதலாளி காலமானார். பிள்ளைகள் பத்திரிகையைக் கோலாலம்பூரிலுள்ள ஒரு பெரிய குழுமத்துக்கு விற்றுவிட்டார்கள். அவர்களிடம் ஏற்கெனவே ஓர் ஆங்கிலப் பத்திரிகையும் ஒரு மலாய்ப் பத்திரிகையும் இருந்தன. நாகையா அண்ணனுக்கு அதில் பெருமைதான். "இனிமே நம்ம பேப்பரு கலர்ல வரும் தங்கச்சி. பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸுக்கு ஏர்கான் போட்டுட்டாங்க. ராதா இப்ப கோட்டு போட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கான், குளிரு தாங்கலேன்னு" என்று சொல்லிச் சிரிப்பார். ராதா என்பது வைகறையின் ஆசிரியர் இராதாகிருஷ்ணன். இருபது வருடச் சிநேகிதம். இவர் வாயில் நாள் ஒன்றுக்கு நாலு முறையாவது அந்தப் பெயர் வரும்.

நான் அப்போது மருந்தடிக்கும் வேலையில் இருந்தேன். எண்ணெய் எடுக்கிற செம்பனை வரிசைகளுக்கு நடுவே முளைக்கும் களையைச் சாகடிக்கிற மருந்து. அது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் சரக்கு, பச்சை டின்னில் வரும். தண்ணீரில் கலந்து, முதுகில் பம்பைச் சுமந்து, ஒரு கையால் அடித்துக்கொண்டே நடக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஏழு பெண்கள். காலில் ரப்பர் செருப்பு, சிலருக்கு அதுவும் இல்லை. பம்பு ஒழுகி முதுகு நனையும். நனைந்த இடத்தில் தோல் வெந்து உரியும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் காட்டினால் வெள்ளைக் களிம்பு தருவார். எல்லா நோய்க்கும் அவரிடம் அந்த ஒரு களிம்புதான்.

எங்களில் மூத்தவர் இராஜம்மா அக்கா. மருந்தை டின்னிலிருந்து ஊற்றிக் கலக்குகிறவர் அவர். எண்பத்தைந்து தொடக்கத்தில் அவருடைய விரல் நகங்கள் ஒவ்வொன்றாகக் கருத்துக் கழன்றன. மூக்கில் இரத்தம் வரும். ஒரு நாள் காற்று திருப்பியடித்ததில் வலது கண்ணில் மருந்து பட்டது. பிறகு அந்தக் கண்ணில் எப்போதும் நீர் வடிந்துகொண்டே இருந்தது.

அந்த மார்ச் மாதம் நாகையா அண்ணன் கோயில் கூட்டம் ஒன்றுக்காக வந்திருந்தார். பிரசாதத் தட்டை நீட்டிய இராஜம்மா அக்காவின் விரல்களைப் பார்த்துவிட்டார். கூட்டம் முடிகிற வரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, "அந்த அக்காவோட கை ஏன் அப்படி இருக்கு?" என்றார். நான் சொன்னேன். ஏழு பேரையும் வரச் சொன்னார்.

வந்தவர்கள் பேசப் பயந்தார்கள்.

"பேரைப் போட்டா தொர வேலைய விட்டுத் தூக்கிருவாரு" என்றார் இராஜம்மா அக்கா.

"பேப்பர்ல வந்த பெறவு தூக்க முடியாதுக்கா. நாடே பார்த்துக்கிட்டிருக்கும்."

"வர்றதுக்கு முன்னாடி தெரிஞ்சிட்டா?"

"எப்படித் தெரியும்? அதுவரைக்கும் இது எங் கையில இருக்கும், இல்லேன்னா ராதா கையில இருக்கும். மூனாவது கைக்குப் போவாது."

அந்த வார்த்தையை நம்பி ஏழு பேரும் பேர் கொடுத்தோம். அவர் எழுதி, படித்துக் காட்டி, "கூட்டிச் சேர்க்கலியே?" என்று கேட்டார். "கொறச்சித்தான் எழுதியிருக்கீங்க" என்றார் இராஜம்மா அக்கா.

படம் எடுக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். இப்போது நான் சொல்லப்போவதில் என் பங்கு இருக்கிறது. மறைத்து எழுதினால் அம்மன் என்னை மன்னிக்கமாட்டாள்.

எங்கள் ஆட்களில் படத்துக்கு நிற்கிறது என்றால் சும்மா இல்லை. கல்யாணத்துக்கு நிற்போம், பிறகு இறந்தபின் சுவரில் தொங்குவோம். நடுவில் படம் பிடிக்க யார் வருகிறார்கள்? அதுவும் பேப்பரில் வரப்போகிற படம். இராஜம்மா அக்காவின் மகளுக்குச் சாலாக் செலாத்தானில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். ஓட்டைச் சட்டையும் வெறுங்காலுமாக ஊர் பார்க்க நிற்பதா? எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சின்னையாவிடம் ஸ்டோர் சாவி இருந்தது. உள்ளே ஒரு பெட்டியில் ரப்பர் பூட்ஸ், கையுறை, மூக்குத் துணி எல்லாம் இருப்பது எங்களுக்குத் தெரியும். மேலிடத்திலிருந்து யாராவது தோட்டம் பார்க்க வந்தால் அன்று ஒரு நாள் எங்களுக்கு மாட்டிவிட்டு, சாயங்காலம் திரும்ப வாங்கி வைத்துவிடுவார்கள். நான்தான் சின்னையாவிடம் போய்க் கேட்டேன். "ஒரு மணி நேரந்தாண்ணே, படம் எடுத்துட்டுக் குடுத்துர்றோம்." அவரும் நல்ல மனிதர். கொடுத்தார்.

நாகையா அண்ணன் வந்தபோது நாங்கள் வரிசையாக நின்றோம். துவைத்த சட்டை, நெற்றியில் பொட்டு, தலையில் கனகாம்பரம், காலில் மினுமினுக்கிற பூட்ஸ், கையில் மஞ்சள் கையுறை. அவர் மோட்டார் சைக்கிள் இஞ்சினைக்கூட அணைக்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி இது, கல்யாணத்துக்கா போறீங்க?"

"பேப்பர்ல வருதுல்லண்ணே."

"தெனமும் எப்படிப் போறீங்களோ அப்படி நின்னாதானே செய்தி? பூட்ஸக் கழட்டுங்க."

யாரும் அசையவில்லை. இராஜம்மா அக்கா சொன்னார்: "அண்ணே, எம் பொண்ணப் பார்க்க வர்றவங்க இந்தப் படத்தப் பார்ப்பாங்க. ஏம்மா பிச்சைக்காரி மாரி நின்னேன்னு நாளைக்கு அவ எம் மூஞ்சியப் பார்த்துக் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

நாகையா அண்ணன் கேமராவைத் தூக்கினார். நாங்கள் கேட்டபடியே ஒரு படம் எடுத்தார். சிரிக்கச் சொல்லாமலே எல்லாரும் சிரித்தோம். பிறகு இராஜம்மா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "மொகம் வேணாம்க்கா. கை மட்டும் குடுங்க" என்றார். அவர் கையுறையைக் கழற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். அது இரண்டாவது படம்.

அதற்குப் பிறகு நாங்கள் காத்திருந்தோம். கடைக்காரர் தம்புசாமிக்குத் தினமும் காலையில் வைகறைக் கட்டு வந்து இறங்கும். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுத்துவிட்டு நான் ஓடிப்போய் எல்லாப் பக்கமும் பார்ப்பேன், ஏழு பேரில் எனக்குத்தான் நன்றாக எழுத்துக் கூட்டத் தெரியும். ஒரு வாரம் போனது. மூன்று வாரம் போனது. நாகையா அண்ணனைக் கேட்டால், "பெரிய செய்தி தங்கச்சி. ராதா நல்ல நாளாப் பார்த்துப் போடறேன்னான்" என்பார். நல்ல நாள் என்றதும் எங்களுக்கும் சரியென்றே பட்டது.

மே தினத்தன்று காலையில் தம்புசாமி கடையிலிருந்தே கூவினார். "தனலெட்சுமி! ஓடியா! எல்லாம் பேப்பர்ல இருக்கீங்க லா! முழுப் பக்கம்! சினிமாக்காரிங்க மாரி இருக்கீங்க!"

ஓடினோம். தொழிலாளர் தினச் சிறப்பு மலரில் ஒரு பக்கம் முழுக்க நாங்கள்தான். பூட்ஸ், கையுறை, பொட்டு, பூ, சிரிப்பு. சுற்றிலும் பச்சை நிறத்தில் கரை கட்டியிருந்தது. தம்புசாமி ஏழு பேருக்கும் ஆளுக்கொரு பிரதி சும்மாவே கொடுத்தார். இராஜம்மா அக்கா தன் முகத்தை விரலால் தொட்டுப் பார்த்து, "கண்ணு நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றார். அந்த ஐந்து நிமிடம் நாங்கள் அப்படிச் சந்தோஷமாக இருந்தோம்.

"என்ன எழுதியிருக்கு, படி தனம்" என்றார்கள்.

நான் உரக்கப் படித்தேன். 'பாதுகாப்பான கரங்கள், பசுமையான நாடு.' அதன் கீழே, எங்கள் மருந்தை முறையாகவும் பாதுகாப்பாகவும் பயன்படுத்தும் தோட்டத்துச் சகோதரிகளுக்கு மே தின வாழ்த்துகள் என்று இருந்தது. அதற்கும் கீழே பச்சை டின் கம்பெனியின் பெயர்.

யாருக்கும் உடனே புரியவில்லை. "நம்ம பேரு எங்க? இராஜம்மாக்கா கண்ணு விசயம் எங்க?" என்று ஒருத்தி கேட்டாள். நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

இரண்டு நாள் கழித்து ஏழு பேரையும் தோட்ட ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். சின்ன துரையின் மேசையில் ஒரு காகிதம் இருந்தது. நகல் எடுத்த காகிதம். "சியாப்பா சுரோ?" என்று கேட்டார். யார் சொல்லி இதைச் செய்தீர்கள் என்று அர்த்தம். கணக்கெழுதும் கிராணி அதை எங்கள் பக்கம் திருப்பினார். நாகையா அண்ணனின் கையெழுத்து. ஏழு பேர் பெயரும் அப்பா பெயரோடு முழுதாக, கீழே கோடு போட்டு. முதல் பெயர் இராஜம்மா. அன்று அவர் படித்துக் காட்டியது ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் அதில் இருந்தது.

முதல் பெயர்க்காரிக்கு அன்றோடு வேலை போனது. மற்ற ஆறு பேரையும் அடுத்த முறை இப்படி நடந்தால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

தோட்டம் முழுக்க ஒரே பேச்சு. படத்தையும் பேரையும் நாகையா கம்பெனிக்கு விற்றுவிட்டான். படம் எடுத்தது அவர், பேர் எழுதியது அவர், வேறு யார்? நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்துமலையில் பால் வாங்கி வந்த மனிதர் இவர்தானா என்று அன்று இரவு சாமி படத்தின் முன்னால் அழுதேன்.

மறுநாள் அவரே வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. சிறப்பு மலரைப் பார்த்திருந்தார். ஆபீஸில் காட்டிய காகிதத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது.

இராஜம்மா அக்கா வாசலிலேயே நின்று கேட்டார். "எவ்ளோ குடுத்தாங்கண்ணே? எங் கைக்குத் தனியாக் குடுத்தாங்களா, இல்ல மொத்தமாவா?"

ஆபீஸில் பார்த்த காகிதத்தைப் பற்றி நான் சொன்னதும் நாகையா அண்ணன் என் பக்கம் திரும்பினார். என்னிடம், "என்ன காயிதம்? எங் கையெழுத்தா? நீ பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். "ரெண்டு பேரும் நாளைக்கு எங்கூட வாங்க. ராதாகிட்டயே கேப்போம்" என்றார். அப்போதும் அவர் குரலில் ராதாவின் மேல் சந்தேகம் இல்லை. எங்கோ ஒரு குமாஸ்தா செய்த தவறு, ராதா கேட்டால் கொதித்துப்போவான் என்பதுபோல்தான் பேசினார்.

கிள்ளானில் பஸ் ஏறிக் கோலாலம்பூர் போய், அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு வெயிலில் நடந்தோம். வைகறை ஆபீஸ் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம். உள்ளே நுழைந்ததும் உடம்பு சிலிர்த்தது. ஆசிரியர் இராதாகிருஷ்ணன் எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார்.

"வாங்கம்மா, உக்காருங்க. நாகையா, டீ சொல்லவா?"

"டீ வேணாம் ராதா. நான் உன் கையில குடுத்தது தோட்டத்து ஆபீஸுக்கு எப்படிப் போச்சு?"

"கருத்துக் கேட்டோம் நாகையா. ரெண்டு பக்கமும் கேக்கணும்லா. நீதானே எப்பவும் சொல்லுவே."

"கருத்துக் கேக்கப் பேரு எதுக்கு?"

"நான் அனுப்பலே. நான் மேலதான் அனுப்புனேன். மேலேர்ந்து போயிருக்கு."

"மேலன்னா எங்க? இந்த ஆபீஸுக்கு மாடியே கெடையாதே லா."

இராதாகிருஷ்ணன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"அந்த வெள்ளக்காரக் கம்பெனி ஷா ஆலாம்ல மருந்து பேக்டரி கட்டுது. அதுல பாதிப் பங்கு நம்ம முதலாளிங்களோடது. இந்த வருசம் பூரா மூனு பேப்பர்லயும் அவங்க வெளம்பரம். 'நாகையா செய்தியப் போடாதே'ன்னு எவனும் எங்கிட்டச் சொல்லலே. சத்தியமாச் சொல்றேன், யாரும் சொல்லலே. சொல்லணும்னு அவசியமே இல்ல. நானே எடுத்து மேல அனுப்பிட்டேன், கேட்டுக்கிட்டுப் போடலாம்னு. பதில் வரல. அவ்வளவுதான்."

"படம்?"

"வெளம்பரத்துக்காரங்க பைல்ல தேடியிருக்காங்க. தமிழ்ப் பொம்பளைங்க, பம்பு, பூட்ஸு, கையுறை. அவங்களுக்கு வேணுங்கிற மாரியே இருந்துச்சு. எடுத்துக்கிட்டாங்க."

நான் கேட்டு வாங்கின பூட்ஸ்.

இராஜம்மா அக்கா எழுந்து, நகமில்லாத இரண்டு கைகளையும் அந்தக் கண்ணாடி மேசையின் மேல் வைத்தார். "சார், இதுவும் ஒரு படம் அண்ணன் எடுத்தாரே. அது பைல்ல இல்லியா?"

இராதாகிருஷ்ணன் கைகளைப் பார்க்கவில்லை. ஏர்கானைப் பார்த்தார். "அது... அது தேடினேன்மா. காணல." பிறகு நாகையா அண்ணனிடம், "எனக்கு மூனு பொம்பளப் புள்ளைங்க நாகையா" என்றார்.

"எனக்கும் ரெண்டு இருக்கு ராதா."

"கோவப்படாதே. உன்னப் பத்திப் பேசி வச்சிருக்கேன். ரயில்வேய விட்டுடு. இங்க நெரந்தர வேலை, முழு நேர நிருபர். எத்தன வருசமா ஆசப்பட்டே?"

நாகையா அண்ணன் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. "எனக்கும் ஒரு ஜோடி பூட்ஸ் எடுத்து வச்சிருக்கியா ராதா?" என்றார். சட்டைப் பையிலிருந்து நிருபர் அட்டையை எடுத்து இராஜம்மா அக்காவின் கைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "வாங்கக்கா போவோம்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் இராஜம்மா அக்கா அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நான்தாங்க்கா கேக்கணும். மூனாவது கைக்குப் போவாதுன்னு சொன்னவன் நான்" என்றார். 

இரண்டாவது படத்தின் நெகட்டிவ் அவர் வீட்டில் இருந்தது. கிள்ளானில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பல பிரதிகள் எடுத்தார். ஆங்கிலப் பத்திரிகைக்குப் போனார். அது அதே குழுமம். மலாய்ப் பத்திரிகையும் அதே. இன்னொரு தமிழ்ப் பத்திரிகையில் "கட்டாயம் போடறோம், இப்படிப்பட்ட செய்திக்குத்தான் காத்திருந்தோம்" என்று வாங்கி வைத்தார்கள். அடுத்த வாரம் அதிலும் பச்சைக் கரை கட்டி அரைப் பக்கம் வந்தது. அதில் எங்கள் படம் இல்லை, வேறு யாரோ பெண்கள். அவர்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் மனுவை வாங்கி ஒரு நம்பர் கொடுத்தார்கள். அந்த நம்பரைச் சொல்லிக்கொண்டு அவர் இரண்டு வருடம் ஏறி இறங்கினார்.

எங்கள் தோட்டத்து ஆட்கள் மட்டும் கடைசி வரை நம்பவில்லை. அடுத்த திருவிழாவில் அவர் நோட்டும் கேமராவும் இல்லாமல் வெறுமனே சாமி கும்பிட வந்தார். வருடா வருடம் அவருக்குப் போடுகிற மாலையை அந்த வருடம் யாரும் போடவில்லை. 'வித்தவன் வந்துட்டான்' என்று காதில் விழும்படியே பேசினார்கள். நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வேலையும் வீடும் தோட்டத்தில் இருந்தன. சொன்னால் ஆபீஸுக்குப் போய்ச் சேரும் என்று பயந்தேன். வாயை மூடிக்கொண்டு விபூதித் தட்டோடு நின்றேன். அவர் என் தட்டிலிருந்து விபூதி எடுத்துக்கொண்டு, "வீட்டுக்காரரு காலு எப்படி இருக்கு தங்கச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனார். இராதாகிருஷ்ணனும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டார் என்று அப்போது எனக்கு உறைத்தது.

இராஜம்மா அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அக்கா சாலாக் செலாத்தானில் அவள் வீட்டோடு போய் இருந்தார். கல்யாணம் நடந்தது. வலது கண் முழுதாக அவிந்துவிட்டது. எண்பத்தொன்பதில் காலமானார். அதுவரை மாதம் ஒரு முறை நாகையா அண்ணன் அவரைப் பார்க்கப் போய்வந்தார். தோட்டமும் பிறகு வீடமைப்புக்காரர்களிடம் போனது. நாங்கள் கிள்ளானில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம், நாகையா அண்ணனுக்குச் சர்க்கரை முற்றி ஒரு காலை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுக் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். இளைத்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவர்கள் வைகறையை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருந்தார். என் குரல் கேட்டுத்தான் திரும்பினார்.

எட்டு வருடமாக நெஞ்சில் கிடந்ததை அன்று சொன்னேன். "அண்ணே, அந்தப் பூட்ஸ மண்டோர்கிட்டக் கேட்டு வாங்குனது நாந்தான். நாங்க வெறுங்காலோட நின்னிருந்தா, அவங்க அந்தப் படத்த எடுத்திருக்கமாட்டாங்க."

"தெரியும் தங்கச்சி, சின்னையா அப்பவே சொன்னாரு" என்றார். "வெறுங்காலோட நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்ங்கிறே? இராஜம்மாக்கா கை என்ன ஆச்சோ அதான். 'தேடினேன், காணல.' நீ பூட்ஸ் போட்டதால ஒன்னும் கெடல. நான் ஒருத்தனக் கண்ண மூடிக்கிட்டு நம்புனேன் பாரு, அதான்."

"அவரு வந்து பார்த்தாராண்ணே?"

"யாரு, ராதாவா? ஆரஞ்சுப் பழம் குடுத்துவிட்டான். நர்ஸம்மாகிட்டக் குடுத்துட்டேன்."

பார்க்கிற நேரம் முடிந்து மணி அடித்தது. நெற்றியில் விபூதி வைத்துவிட்டு எழுந்தேன். அடுத்த நாள் வருவதாகச் சொல்லி, என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன். இரண்டு நாளில் போய்விடுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் வாயில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது.

"ரெண்டு தோசை கொண்டா. காரச் சட்னி வச்சி. பேப்பர்ல மட்டும் மடிச்சிக் கொண்டாந்துடாதே தங்கச்சி."